அது சும்மா, டீச்சர்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, "முந்நூத்தி இருபத்தி நாலு எழுதும்மா" என்றேன். தயக்கமே இல்லை. 300204 என்று எழுதிவிட்டு, விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைச் சீருடையில் துடைத்துக்கொண்டு, அடுத்ததைச் சொல்லுங்கள் என்பதுபோல் நின்றாள். பின்னாலிருந்து இரண்டு பையன்கள் சிரித்தார்கள். "மூணு லட்சம்!" என்று ஒருவன் கத்தினான். அவள் முகம் சுருங்கிப்போனது.

இந்தத் தப்பைப் பார்க்காத தொடக்கப்பள்ளி ஆசிரியர் இருக்க முடியாது. நூற்று ஐந்துக்கு 1005, இருநூற்றுப் பதினொன்றுக்கு 20011. நானும் வருஷக்கணக்காக இதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, "அஞ்சு தடவை எழுதிட்டு வா" என்று அனுப்பிக்கொண்டிருந்தவள்தான். அஞ்சு தடவை எழுதினால் வந்துவிடும். அடுத்த வாரம் வேறு எண்ணில் அதே தப்பு திரும்பி வரும்.

எங்களுடையது பேராவூரணிப் பக்கம், ஓர் ஈராசிரியர் பள்ளி. சுற்றிலும் தென்னை, 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா சாய்த்தது போக மிஞ்சியதும், அதற்குப் பிறகு நட்டதும். பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் காய் வெட்டுகிறவர்கள், உரிக்கிறவர்கள், எண்ணுகிறவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு வரும்.

இடமதிப்புக்கு எங்களிடம் இருக்கும் மருந்து நூ, ப, ஒ, அதாவது நூறு, பத்து, ஒன்று. மூன்று கட்டம் போட்டு, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகக் கட்டத்தில் இறக்குவது. என் அப்பா படித்தபோது ஒன்று ஸ்தானம், பத்து ஸ்தானம். இப்போது ஒன்றுகள், பத்துகள். பெயர் மாறியிருக்கிறது, கட்டம் அதேதான். 247-இல் 4-இன் முகமதிப்பு என்ன, இடமதிப்பு என்ன என்று கேட்டால் நாலு, நாற்பது என்று டாண் டாணென்று சொல்வார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டுப் பாருங்கள். "அந்த நம்பரை எழுதிட்டு, அதுக்குப் பின்னாடி எத்தனை நம்பர் இருக்கோ அத்தனை சைபர் போடணும் டீச்சர்." விடையும் சரி, வழியும் சரி. அந்த நாற்பது என்பது நாற்பது பொருள்கள் என்ற நினைப்பு மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

செயல்வழிக் கற்றல் அட்டைகளும் ஏணிப்படியும் மாநிலம் முழுக்க வந்த சமயம், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிள்ளை அட்டையை எடுக்கும், கட்டத்தை நிரப்பும், ஏணியில் அடுத்த படிக்கு ஏறிவிடும். நானும் டிக் போட்டுவிடுவேன். அட்டையைக் குறை சொல்லமாட்டேன். கட்டம் நிரம்பியதைப் பார்த்துப் புரிந்துவிட்டது என்று முடிவு கட்டியது நான்.

கண் திறந்தது 2022-இல். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஆக 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்றையே பார்க்காதவர்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைப்படி பிரித்து நடத்தச் சொன்னார்கள். யார் எந்த நிலை என்று பார்க்க வேண்டுமே என்பதற்காக ஒரு சோதனை செய்தேன். சோதனை என்னுடையது இல்லை. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயோடு வேலை செய்த கான்ஸ்டன்ஸ் கமீ என்ற கல்வியாளர் அமெரிக்கப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தது. பதினாறு வில்லைகளைக் கொடுத்து, எண்ணி 16 என்று எழுதச் சொல்லி, இந்த 6 எது, இந்த 1 எது என்று வில்லைகளில் காட்டச் சொல்வது. அவ்வளவுதான்.

நான் வில்லைக்குப் பதில் புளியங்கொட்டை வைத்தேன். இருபத்து நாலு. பிள்ளைகள் எண்ணினார்கள், 24 என்று அழகாக எழுதினார்கள். "இதுல இந்த நாலு எதுன்னு காட்டு." நாலு கொட்டையைத் தள்ளி வைத்தார்கள். "இந்த ரெண்டு?" இரண்டு கொட்டையைத் தள்ளி வைத்தார்கள். நடுவில் பதினெட்டுக் கொட்டை அனாதையாகக் கிடந்தது.

"அப்போ இது?"

"அது சும்மா, டீச்சர்."

பதினோரு பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் செய்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் நூ, ப, ஒ கட்டத்தைப் பிழையில்லாமல் நிரப்புகிறவர்கள். இரண்டு இலக்கக் கூட்டல்கூடச் செய்வார்கள். எட்டும் ஏழும் பதினஞ்சு, அஞ்சு போட்டு மேல ஒண்ணு. அந்த "மேல ஒண்ணு" எத்தனை கொட்டை என்று கேட்டிருந்தால் ஒரு கொட்டையைத்தான் காட்டியிருப்பார்கள். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். இறங்கியது. ஆனால் அந்தப் பதினெட்டு கூடவே வந்தது.

300204-க்கு வருகிறேன். அதற்கு விடை கிடைத்தது அம்மா வீட்டுப் பரணில். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது தாத்தாவின் தேங்காய்க் கணக்கு நோட்டு ஒன்று கைக்கு வந்தது. தாத்தா இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. கணக்கைத் தமிழ் எண்ணில்தான் எழுதுவார். பழுப்பேறிய தாளில் ஒரு வரி: காய் ௩௱௨௰௪.

௩ மூன்று. ௱ நூறு. ௨ இரண்டு. ௰ பத்து. ௪ நான்கு. அதாவது முந்நூற்று இருபத்து நான்கு. அதே எண் என்பது தற்செயல்தான். வேறு எண்ணாக இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்காது. அந்தப் பிள்ளை எழுதியதை இதன் கீழே வைத்துப் பாருங்கள். 3, 00, 2, 0, 4. தாத்தா ௱ போட்ட இடத்தில் அவள் இரண்டு சைபர் போட்டிருக்கிறாள். ௰ போட்ட இடத்தில் ஒரு சைபர். எழுத்துக்கு எழுத்து அதே கணக்கு. கல்வெட்டுகளில் இருபத்தாறாம் ஆட்சியாண்டை ௨௰௬ என்று செதுக்கி வைத்தவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் அஞ்சு தடவை எழுதச் சொல்லவில்லை.

வாயால் சொல்லும்போது நாம் இடத்தைப் பெயரால் சொல்கிறோம். முந்-நூறு, இரு-பது. நூறு என்ற சொல்லே பக்கத்தில் நிற்கிறது. தாத்தாவின் எழுத்து அந்தப் பேச்சை அப்படியே தாளில் இறக்கிவிடும். 324 என்ற எழுத்தோ பெயர்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, நிற்கும் இடத்தை வைத்துப் புரிந்துகொள் என்கிறது. நூறு எங்கே போனது என்று கேட்டால் எங்கேயும் எழுதவில்லை. வலப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக நிற்பதுதான் நூறு. பேச்சிலிருந்து எழுத்துக்கு நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்ட மனிதர்களுக்குப் பல நூற்றாண்டு ஆகியிருக்கிறது. நாங்கள் அதற்கு ஒதுக்குவது சில பாடவேளை.

தாத்தாவின் நோட்டில் இன்னொன்றும் கவனித்தேன். முழு நோட்டிலும் சைபர் இல்லை. இருநூற்று ஐந்தை ௨௱௫ என்று எழுதிவிட்டால் நடுவில் காலியிடம் எங்கே வருகிறது? பெயர் கூடவே இருக்கும்வரை சைபருக்கு வேலையே இல்லை. பெயரை எடுத்த பிறகுதான், யாரும் இல்லாத இடத்தையும் காட்டியாக வேண்டியிருக்கிறது. குவாலியரில் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அங்கே 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஒரு தோட்டத்தின் நீளம் 270 முழம் என்று, குட்டி வட்டச் சைபரோடு வெட்டியிருக்கிறார்கள். (தமிழுக்கென்று ௦ கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் சேர்ந்தது 2005-இல். ௰, ௱, ஆயிரத்துக்கான ௲ அதற்கு முன்பே இருந்தன. மரபு அப்படி.)

சைபரை வகுப்பில் விளக்கப் பேருந்துதான் உதவியது. கூட்டமான பஸ்ஸில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அது. 205-இல் பத்துகள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் அது அவர்கள் சீட். துண்டு கிடக்கிறது. துண்டை எடுத்துவிட்டால்? "நூறு தள்ளி உக்காந்துரும் டீச்சர், இருபத்தஞ்சு ஆயிடும்!" அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகள் சைபருக்குத் துண்டு என்றே பேர் வைத்துவிட்டார்கள். "ஆயிரத்துக்கு எத்தனை துண்டு?" என்று ஒருவன் கேட்டுக்கொண்டு திரிந்தான்.

எண்ணுப்பெயர் விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்றே நினைக்கிறேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று பத்து முதலில், ஒன்று பின்னால். எழுதும் வரிசையும் அதேதான். இந்தியில் நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தாக வேண்டும். மராத்தியிலும் அப்படித்தான். மகாராஷ்டிரத்தில் 2019-இல் அரசுப் பாடநூல் நிறுவனமான பாலபாரதியின் இரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில், இருபத்திரண்டுக்கு வழக்கமான 'பாவீஸ்' கூடவே 'வீஸ் தோன்' என்று, அதாவது இருபது-இரண்டு என்று, எழுதிச் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று கணித அறிஞர் மங்களா நார்லிகர் தலைமையிலான குழு செய்த ஏற்பாடு. பெரிய ரகளை ஆனது. மொழியைக் கெடுக்கிறார்கள் என்று சட்டமன்றம் வரை போனது. நமக்கு அந்த வேலையே இல்லை. நம் இருபத்திரண்டே 'இருபது-இரண்டு'தான்.

ஆனால் நமக்கும் ஒரு கண்டம் உண்டு. அதன் பெயர் ஒன்பது. இதை எனக்குக் காட்டியது ஓர் இரண்டாம் வகுப்புப் பொடியன். "இருபது, முப்பது, நாப்பது எல்லாத்துக்கும் சைபர் போடுறோம்ல டீச்சர். ஒம்பதுக்கு ஏன் போடல?" பத்து நிமிஷம் எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பாருங்கள். ஒன்பது, பத்துகள் மாதிரி முடிகிறது. தொண்ணூறு, நூறு மாதிரி முடிகிறது. தொள்ளாயிரம், ஆயிரம் மாதிரி முடிகிறது. ஒன்பதின் குடும்பம் மட்டும் ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டிருக்கிறது. ஒன்பதாயிரத்தில்தான் இறங்கி வருகிறது. தொள்ளாயிரம் எழுதச் சொன்னால் 9000 எழுதும் பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பெயர் இருந்தது. தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் தலைகாட்டுவது அதுதான். மலையாளத்திலும் இதே கூத்து. கன்னடத்தில் தொண்ணூறு 'தொம்பத்து', தொள்ளாயிரம் 'ஒம்பைநூரு' என்று ஒழுங்காக இருக்கிறது. அந்தப் பையனிடம் மொழி வரலாறு பேச முடியாது. "அது குறும்புக்காரக் குடும்பம், பேரை நம்பாத, காயை எண்ணு" என்று மட்டும் சொன்னேன். அதனால்தான் எண்பத்தொன்பதுக்கு அடுத்து "எண்பத்திப் பத்து" என்று சொல்லும் பிள்ளையை இப்போது நான் திட்டுவதில்லை. தொண்ணூறு என்பதைவிட அது எவ்வளவோ நியாயமான பெயர்.

ஆங்கிலவழிப் பிரிவு வந்த பள்ளிகளில் இருக்கும் தோழிகள் படும் பாடு தனி. தர்ட்டீனும் தர்ட்டியும் பிள்ளையின் காதில் ஒன்றுதான். ஃபோர்ட்டீன் என்றால் நாலு முதலில் கேட்கிறது, 41 எழுதுகிறது. வீட்டில் பதினாலு என்று தெளிவாகச் சொல்லும் அதே பிள்ளை. அந்த வகுப்பிலும் எண்ணை முதலில் தமிழில் சொல்ல விட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று தெரியவில்லை.

சரி, பள்ளத்தை எப்படித் தாண்டுவது? முதலில் ஈர்க்குச்சி. துடைப்பத்தை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. இது புதுசே இல்லை, எல்லாப் பயிற்சியிலும் சொல்வதுதான். யாரும் சொல்லாதது ஒன்று உண்டு: பிள்ளைகள் கட்டை நம்புவதில்லை. மூன்று கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து எத்தனை என்று கேட்டால், கட்டைப் பிரித்து ஒன்று, இரண்டு என்று முப்பத்திரண்டையும் எண்ணும். அதுவே கட்டியது, அதுவே எண்ணியது, இருந்தாலும் பிரிக்கும். முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு விட்டுவிட்டேன். பிரித்து எண்ணி, மறுபடி கட்டி, இரண்டு மூன்று வாரம் போன பிறகு ஒரு நாள் பிரிக்காமலே "பத்து, இருபது, முப்பது" என்று தொட்டுக்கொண்டு போகும். அந்த நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு. என் அட்டவணைக்கு அது வராது.

குச்சிக் கட்டில் பத்து என்பது கண்ணுக்குத் தெரியும், கைக்கும் கனமாக இருக்கும். ஆணிகளில் மணி கோத்து எண்ணைக் காட்டும் ஆணிமணிச் சட்டத்தில் அப்படி இல்லை. பத்து இடத்து மணியும் ஒன்று இடத்து மணியும் ஒரே அளவு, ஒரே கனம். முதலிலிருந்து இரண்டாவதற்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. நான் பல வருஷம் மணிச்சட்டத்தில்தான் தொடங்கினேன். கட்டத்தை மரத்தில் செய்தால் மணிச்சட்டம், அவ்வளவுதான் அப்போது அது.

நடுப்படி ஒன்று தேவைப்பட்டது. தாத்தா காய் எண்ணியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கையில் இரண்டு, மறு கையில் இரண்டு, வீச்சுக்கு நாலு காய். "லாபம், ரெண்டு, மூணு" என்று ராகமாகப் போகும். முதல் எண்ணை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம்தான். இருபத்தஞ்சு வீச்சில் நூறு. நூறு முடிந்ததும் எண்ணிய குவியலிலிருந்தே ஒரு காயை எடுத்து வரப்பில் தனியாக வைப்பார். கடைசியில் வரப்பில் ஏழு காய் இருந்தால் எழுநூறு. அந்தக் காயும் குவியலில் கிடக்கும் காயும் ஒரே மரத்துக் காய். வரப்பில் ஏறியதால் நூறு.

பள்ளிக்கூடத்து வாசலில் குரும்பட்டிக்கு, தென்னையிலிருந்து உதிரும் பிஞ்சுக்கு, பஞ்சமில்லை. மணலில் மூன்று வட்டம் போட்டேன். சட்டம் ஒன்றே ஒன்று: எந்த வட்டத்திலும் பத்து இருக்கக் கூடாது. பத்து சேர்ந்தால் அள்ளி வெளியே போட்டுவிட்டு, இடப்பக்கத்து வட்டத்தில் ஒன்று வைக்க வேண்டும். முதல் நாளே கலகம். "பத்தைக் குடுத்துட்டு ஒண்ணு வாங்குறதா? ஏமாத்துறீங்க டீச்சர்!" ஒருத்தி தன் பத்தை மடியில் கட்டிக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பிறகு ஒருவன் வழி கண்டுபிடித்தான். பத்து வட்டத்துக்குப் பெரிய குரும்பட்டி, நூறு வட்டத்துக்கு அதைவிடப் பெரியது. எல்லாருக்கும் திருப்தி. இரண்டு வாரம் அப்படியே ஓடியது. ஒரு நாள் பெரிய காய் கிடைக்கவில்லை. "சின்னதே வை, அந்த வட்டத்துல இருக்குல்ல" என்றாள் மடியில் கட்டிக்கொண்டு போனவள். நான் வாயைத் திறக்கவில்லை. காய் எண்ணுகிறவர் மகன் ஒருவன் பக்கத்திலேயே குந்தியிருந்தான். "எங்கப்பா வரப்புல வைக்கிற மாதிரி" என்றான். வகுப்பில் அதிகம் பேசாத பையன்.

கழித்தலில் எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு: கடன் வாங்குதல் என்ற சொல்லோடு. 302-இலிருந்து 178. இரண்டில் எட்டு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. பக்கத்து வீட்டில் சைபர், அங்கேயும் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வீட்டுக்குப் போ. பிள்ளைகள் இந்தக் கதையை ராகம் போட்டுச் சொல்வார்கள். ஆனால் வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்று வாங்கினால் பத்தாகக் கையில் வருகிறது. எந்த ஊர்க் கடன் இது? நடப்பது சில்லறை மாற்றுவது. மூன்று நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு. கடைக்காரருக்கு 178 கொடுக்க வேண்டும். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்று. அதில் ஒரு பத்தை ஒற்றை ரூபாய்களாக மாற்று. இப்போது கையில் இரண்டு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்போது கொடுத்துப் பார், மிச்சம் 124. புத்தகம் இதை இனமாற்றம் என்கிறது. நல்ல சொல்தான். பிள்ளைகளுக்குச் சில்லறை போதும்.

இதிலும் இடைஞ்சல் இல்லாமல் இல்லை. அட்டையில் பத்து ரூபாய்க் காசு வரைந்தால், "அது செல்லாது டீச்சர், கடையில வாங்க மாட்டாங்க" என்கிறார்கள். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் எடுபடவில்லை. இன்னொருத்தி, "எங்கம்மா போன்லதான் டொய்ங்னு போடும், சில்லறையே தராது" என்றாள். பத்து வருஷம் போனால் இந்த வழியும் இருக்குமோ என்னவோ.

போன வியாழக்கிழமை 324-ஐ மறுபடி எடுத்தேன். 300204 எழுதிய பிள்ளை இப்போது ௩௱௨௰௪ என்றும் எழுதுவாள், 324 என்றும் எழுதுவாள். தாத்தா எண் பிடித்துப்போய்த் தன் நோட்டு அட்டையில் வரிசை எண்ணையும் அப்படியே போட்டிருக்கிறாள். "இதுல எத்தனை பத்து இருக்கு?" என்று கேட்டேன். "ரெண்டு!" என்று வகுப்பே கத்தியது. காய் எண்ணுகிறவர் மகன் மட்டும் கொஞ்சம் பொறுத்து, "முப்பத்திரண்டு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் எழுந்து நின்றான்.

"நூறுக்குள்ள பத்து பத்து இருக்குல்ல டீச்சர். மூணு நூறைப் பிரிச்சா முப்பது. அப்புறம் இந்த ரெண்டு."

வழிகாட்டிப் புத்தகத்து விடை 2. பத்துகள் இடத்தில் நிற்பது 2, சரிதான். ஆனால் நான் கேட்டது அதை இல்லையே. போன வருஷம் ஒரு தேர்வில் இதே கேள்விக்கு ஒரு பிள்ளை 32 என்று எழுதி, நான் சிவப்பு மையில் சுழித்தது ஞாபகம் வந்தது. அவள் இப்போது நாலாம் வகுப்பு, பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும், அந்தப் பழைய தேர்வு நோட்டை வீட்டிலிருந்து தேடி எடுத்து வரச் சொன்னேன். எதுக்கு டீச்சர் என்று பயந்துகொண்டே கேட்டாள். மார்க் போடணும் என்றேன்.